பிள்ளை ஆக்கினாரே, அதுதான் பெரிது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், மண்டபம் நிறைய வந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

இரட்சிப்பின் ஆசீர்வாதங்களில் தலையாயது பாவமன்னிப்பா, தேவனுடைய பிள்ளையாகும் உரிமையா? இதுதான் இன்றைய கேள்வி. பிள்ளையாகும் உரிமைதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அக்கா 32 ஆம் சங்கீதத்தை எடுத்து, 'எவனுடைய மீறுதல் மன்னிக்கப்பட்டதோ, எவனுடைய பாவம் மூடப்பட்டதோ, அவன் பாக்கியவான்' என்று வாசித்தபோது எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. மன்னிப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அது இரத்தம் சிந்தி வாங்கியது. ஆனால் அக்கா கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: 'மன்னிப்பு இல்லாமல் ஒருவன் பிள்ளையாக முடியுமா?' முடியாது அக்கா, ஒத்துக்கொள்கிறேன். வாசலைத் தாண்டாமல் யாரும் வீட்டுக்குள் வர முடியாதுதான். அதற்காக வாசலோடு நின்றுவிடலாமா?

கலாத்தியர் 4 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவன் தம்முடைய குமாரனை ஏன் அனுப்பினார்? மீட்டுக்கொள்ள. எதற்காக மீட்டார்? நாம் புத்திரசுவிகாரத்தை, அதாவது தத்தெடுத்த பிள்ளைகளாகும் உரிமையை, அடையும்படி. அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே காரணத்தையும் நோக்கத்தையும் கலந்து குழப்பவில்லை. எபேசியர் முதலாம் அதிகாரத்திலும் அப்படித்தான். 'ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும்' என்று தொடங்கி ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டு போகிறார். 3 ஆம் வசனம் முதல் 14 ஆம் வசனம் வரை மூலக் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அதில் அவர் சொல்வது என்ன? உலகம் தோன்றுமுன்னே, நாம் ஒரு பாவமும் செய்யுமுன்னே, எங்களைப் பிள்ளைகளாக்கிக்கொள்ள அவர் மனம் வைத்துவிட்டார். பாவம் இடையில் வந்தது. அதை அகற்ற மன்னிப்பு வேண்டியிருந்தது. ஆசை மட்டும் ஆதியிலிருந்தே பிள்ளைகள்மேல்தான்.

இப்படித் தத்தெடுப்பதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தார் பவுல் காலத்து ரோமாபுரிச் சட்டம்வரை போகத் தேவையில்லை. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றிய எங்கள் தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தில், பிள்ளை தத்தெடுக்கும் முறை இருந்தது. பிள்ளையில்லாத தம்பதிகள் ஒரு பிள்ளையைத் தங்கள் வாரிசாக்க விரும்பினால், கூடப்பிறந்தவர்களிடமும் நெருங்கிய உறவுகளிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பிள்ளை வந்தால், அவர்களுக்கு வரவேண்டிய முதுசம், அந்தப் பரம்பரைச் சொத்து, கைமாறிப்போகும். மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு நடக்கும். சம்மதித்தவர்கள் அந்த நீரில் விரல் தோய்ப்பார்கள். சம்மதிக்காதவனுடைய பங்கில் பிள்ளைக்கு உரிமை கிடையாது.

இப்போது சொல்லுங்கள், எங்களைப் பிள்ளைகளாக்கப் பிதாவானவர் யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும்? சர்வத்துக்கும் சுதந்தரவாளியாக, அதாவது வாரிசாக, இருந்தவர் ஒருவர்தான், ஒரேபேறான குமாரன் இயேசு. அவர் 'என் பங்கை ஏன் இவர்களுக்குக் கொடுக்கிறீர்' என்று கேட்கவில்லை. எங்களைச் சகோதரர் என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை என்கிறது எபிரெயர் நிருபம். ஆணி அறைந்த கையால் சம்மதம் தந்தார். அதனால்தான் ரோமர் 8 இல் நாங்கள் 'கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்', அவரோடு கூட்டு வாரிசுகள், ஆனோம். குற்றத்தை மன்னித்து அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர் இவ்வளவு செய்வாரா?

சரி, எதிரணி சொன்ன கெட்ட குமாரன் கதைக்கு வருவோம். லூக்கா 15. அதை அவர்கள் மன்னிப்பின் கதை என்றார்கள். தகப்பனிடம் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்த அந்த இளையவன் பன்றிக் கூட்டத்தின் நடுவே பசியோடு இருந்து, வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொள்கிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தகப்பனோ தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். மகன் பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்குகிறான். கூலிக்காரன் என்ற வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். உயர்ந்த வஸ்திரம், கைக்கு மோதிரம், காலுக்குப் பாதரட்சை!

எங்களில் கனபேர் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு கூலிக்காரராகவே இருக்கிறோம். வருத்தம் வந்தால், 'எந்தப் பாவத்துக்கு இது?' என்று கேட்கிறோம். 1995 இடப்பெயர்வில் வீட்டை விட்டு நடந்தவர்களும், யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்தத் தாயிடம் போய், உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியுமா? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் வியாகுலத்தின் நடுவே இயேசு 'அப்பா, பிதாவே' என்று கூப்பிட்டார். அதே கூப்பிடுதலைத்தான் ஆவியானவர் எங்கள் வாயிலும் வைக்கிறார். அவரைப் போல, இந்தத் துன்பப் பாத்திரம் வேண்டாம் என்று அழவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. அழுகிறதற்காக அந்தத் தாயை யாரும் வீட்டை விட்டுத் துரத்தப்போவதில்லை.

இன்னொன்று, இது எங்கள் சபைகளுக்குக் கொஞ்சம் சுடும். மன்னிப்பைத் தனியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளையென்றால் கூடப்பிறந்தவர்களும் வருவார்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபற்றிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்தவுடன் சாதி விசாரிக்கிறோமே, அது எந்த வீட்டுப் பழக்கம்? கெட்ட குமாரனின் அண்ணன், அந்த மூத்தவனைப் பாருங்கள். 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்கிறான். தம்பி என்று சொல்ல அவனுக்கு மனமில்லை. தகப்பன் விடவில்லை, 'உன் சகோதரனாகிய இவன்' என்று திருத்துகிறார். பிள்ளையென்ற உரிமையை விட்டுவிட்டு வெறும் மன்னிப்பை வைத்துக்கொண்டு இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியாது.

எதிரணியில் அடுத்துப் பேச இருக்கும் தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும். மன்னிப்புத்தான் தலையாயது என்றால், அந்த இளையவனை மன்னித்து, அவன் கேட்க நினைத்தபடியே கூலிக்காரனாக வைத்திருக்கலாமே. மூன்று வேளை சாப்பாடும் கிடைத்திருக்கும். தகப்பன் ஏன் அதற்கு இணங்கவில்லை? தம்பியின் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் ஐயா. வணக்கம்.