ஆறு சபைய திரும்ப ரெண்டாக்கணுமா? மஸ்கெலியாவிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம் அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிகளே. இன்னைக்கு சமையலும் இல்ல, ஊர் சுத்துறதும் இல்ல. இலங்கை மலையகத்துல, மஸ்கெலியா டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி, மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணி தெரியிற எடத்துல நிக்கிறேன். காத்து சத்தம் வந்தா பொறுத்துக்குங்க.

தேத்தண்ணி கடையில உக்காந்தா ஒரு பேச்சு காதுல விழுது. "எதுக்குப்பா இத்தன பிரதேச சபை? முன்னாடி இருந்த ரெண்டே போதும், சேர்த்துப்புட்டா காசு மிச்சம்"னு. பிரதேச சபைன்னா நம்ம ரோடு, லைட்டு, குப்பை பாக்குற உள்ளூர் சபை. அரசாங்கம் நாளைக்கே சேர்க்கப் போகுதுன்னு நான் பயம் காட்டல. ஆனா இந்தப் பேச்சுக்கு நம்ம ஆளுங்களே தலைய ஆட்டுறாங்க பாருங்க, அதான் எனக்கு ஆகல.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாம இருக்கலாம். 2018 பெப்ரவரி தேர்தலுக்கு முன்னாடி இந்தப் பக்கம் அம்பகமுவ ஒண்ணு, நுவரெலியா ஒண்ணு, அவ்வளவுதான் சபை. அம்பகமுவவ அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியான்னு மூணாக்கினாங்க. நுவரெலியாவ நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனைன்னு மூணாக்கினாங்க. 2012 சனத்தொகைக் கணக்குல இந்த ரெண்டு பிரதேச செயலகப் பிரிவுலயும் தலைக்கு 2 லட்சத்துக்கு மேல சனம். வடக்குல நெடுந்தீவுக்குத் தனியா ஒரு பிரதேச சபை இருக்கு, அங்க 5,000 பேர்கூட இல்ல. அது தீவு, கடல் தாண்டணும், அவங்களுக்குக் கட்டாயம் வேணும். நான் கேக்குறது, மஸ்கெலியாப் பக்கத்து சாமிமலையில இருக்குறவன் மட்டும் எதத் தாண்டாம இருந்தான்?

அப்ப சபை வேலைன்னா அம்பகமுவ சபை ஆபீஸ் இருந்த கினிகத்தேனைக்குப் போகணும். சாமிமலையில காலையில பஸ் ஏறி, அட்டன்ல எறங்கி, அங்கயிருந்து இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தா ஐயா லீவு, இல்ல சாப்பிடப் போயிருக்காரு. வீட்டு பிளானுக்கு ஒரு கையெழுத்து, லைட்டு எரியலன்னு ஒரு கடுதாசி, இதுக்கு ஒரு நாள் பேரு, அதாவது ஒரு நாள் கூலி போச்சு. கொழுந்து எடுக்குற அம்மா ஒரு பேர விட்டுட்டு ரெண்டு தடவ போவாங்களா? போகமாட்டாங்க. அப்படியே விட்டுருவாங்க. லைட்டு எரியாமலே கெடக்கும். அந்த மாதிரி விட்டுப்போன வேலைக்கெல்லாம் எந்த ஃபைல்லயும் கணக்கு இல்ல. மிச்சம் பிடிச்ச காசு மட்டும்தான் கணக்குல தெரியும்.

இன்னொன்னு. இந்தச் சபைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் உள்ள ஒறவே லேசுல வந்தது இல்ல. கிராம சபை காலத்துல தோட்டம் அந்த எல்லைக்குள்ளயே கெடையாது. 1948 சட்டத்துல குடியுரிமை போச்சு, ஓட்டும் போச்சு. அப்புறம் 1987ல பிரதேச சபை சட்டம் வந்துச்சு. வந்தும் என்ன, அதோட 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள்ள சபைக் காசப் போடுறதுக்குத் தடையா நின்னுச்சு. நம்ம ஓட்டு வேணும், நம்ம ரோட்டுக்குக் காசு போட முடியாது! அதத் திருத்தினதே 2018லதான். சபையப் பிரிச்சதும் அதே வருஷம். ஏழெட்டு வருஷந்தான் ஆகுது, அதுக்குள்ள "சோதிச்சுப் பார்த்தோம், சரிவரல"ங்குறாங்க. அதுலயும் 2023 மார்ச்சுல சபைகளோட காலம் முடிஞ்சு, நடக்க வேண்டிய தேர்தல் நடக்காம, 2025 மே 6 வரைக்கும் மெம்பரே இல்ல. உயர் நீதிமன்றமே அது அடிப்படை உரிமை மீறல்னு 2024ல தீர்ப்பு சொல்லிச்சு. அந்த ரெண்டு வருஷத்தக் கழிச்சுப் பாருங்க, புது சபை எத்தன வருஷம் வேலை செஞ்சிருக்கும்?

நாட்டுல ஏற்கனவே ஒரு தடவ இப்படிச் சேர்த்தாங்க. 1981ல கிராம சபை, பட்டின சபை எல்லாத்தையும் கலைச்சு மாவட்ட அபிவிருத்தி சபைக்குள்ள போட்டாங்க. ஒரு பத்து வருஷம் தாங்கல, அத விட்டுட்டு பிரதேச சபைக்கு வந்தாங்க.

வெளிநாட்டுல நடந்ததும் இருக்கு. அவுஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துன்னு ஒரு மாநிலம். 2008ல மாநில அரசாங்கம் 157 சபைய 73ஆக்கிச்சு. சனம் வேணாம் வேணாம்னு கத்தியும் கேக்கல. அஞ்சு வருஷம் கழிச்சு, 2013 மார்ச்சுல, நூசா, டக்ளஸ், லிவிங்ஸ்டன், மரீபான்னு நாலு எடத்துல வாக்கெடுப்பு வச்சாங்க. நாலுமே பிரிஞ்சு போறோம்னு ஓட்டுப் போட்டுச்சு, 2014 ஜனவரி 1ல பழைய சபை திரும்ப வந்துச்சு. இதுல கொடுமை எது தெரியுமா? பிரியிற செலவ அந்தந்த ஊர்க்காரனே தாங்கணும்னு சொல்லிட்டாங்க. சேர்க்கச் சொல்லி அவன் கேக்கவே இல்ல, ஆனா பில்லு அவனுக்கு. அப்படியும் பரவால்லன்னு ஓட்டுப் போட்டிருக்கான்னா, தூரத்துல இருந்த சபை அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. அதுவும் வசதியான நாடு, வீட்டுக்கு வீடு கார் உள்ள சனம்.

ஒரு நிமிஷம், லொறி ஒண்ணு போகட்டும்... சரி.

எதிர்ப்பக்கத்துலயும் ஞாயம் இருக்கு, அத மறைக்கல. நம்ம சபைகளுக்கு வருமானம் கம்மி. தோட்டக் காணிக்கு வர்ற ஏக்கர் வரி சொற்பம். டவுன் கடை வரி, லைசன்ஸ் காசு, இத வச்சு என்ன செய்றது? ஒரு ட்ராக்டர் பழுதானா குப்பை நாறிடும். அப்ப ட்ராக்டர, கக்கூஸ் குழி அள்ளுற கலி பவுசர, ஜேசிபிய ரெண்டு மூணு சபை பங்கு போட்டு வச்சுக்கட்டும். ஏக்கர் வரிய ஒழுங்கா கூட்டட்டும். அதுக்கு ஏன் சபைய மூடணும்?

மெம்பர் தொகை அதிகம்னு சொன்னா அத நானும் ஒத்துக்குறேன். 2017 தேர்தல் சட்டத் திருத்தத்தால நாடு முழுக்க 4,000 சொச்சமா இருந்த மெம்பருங்க 8,000ஐத் தாண்டிட்டாங்க. கொறைங்க, தாராளமா கொறைங்க. மெம்பரக் கொறைக்கிறது வேற, சபைய மூடுறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் பேசுறவங்ககிட்ட உஷாரா இருங்க.

மஸ்கெலியாவுக்கே உள்ள சங்கதி ஒண்ணு. மலை அடிவாரத்து நல்லதண்ணி நம்ம சபைக்குள்ள இருக்கு. மார்கழிப் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு வர்ற சனம், வாகனம், தற்காலிகக் கடை, மலையா குவியிற பொலித்தீன் எல்லாம் நம்ம தலையில. சேர்த்துப்புட்டா அந்த சீசன் வருமானம் பெரிய பெட்டிக்குள்ள போகும், குப்பை மட்டும் இங்கயே கெடக்கும்.

"பிரிக்கும்போது மட்டும் உங்கிட்ட ஓட்டுக் கேட்டாங்களா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. நல்ல கேள்வி. கேக்கலதான், அமைச்சர் வர்த்தமானியில போட்டாரு, பிரிஞ்சுச்சு. ஆனா மலையகத்துல வருஷக்கணக்கா கட்சி பேதம் இல்லாம கேட்டு வாங்கினது அது. சேருங்கன்னு இங்க எந்த லயத்துல, எந்தத் தோட்ட வீட்டு வரிசையில இருந்து மனு போச்சு? அப்படி எல்லைய மாத்தித்தான் ஆகணும்னா, அந்தந்த வட்டாரத்துல ஓட்டு வச்சுக் கேளுங்க. மஸ்கெலியா சனம் சேரணும்னு சொன்னா நானும் வாய மூடிக்கிறேன்.

உங்க மெம்பரப் பார்த்தா இத நேரா கேளுங்க: சபையச் சேர்க்கணும்னு பேச்சு வந்தா கைய தூக்குவீங்களா, எதிர்ப்பீங்களா? மழுப்ப விடாதீங்க. பதில வீடியோ எடுத்து அனுப்புனா இங்க போடுறேன், எந்தக் கட்சியா இருந்தாலும் போடுவேன். அடுத்த வீடியோ நல்லதண்ணி குப்பை எங்க போகுதுன்னு. வரேங்க.