காலேஜ் அல்ஜீப்ரா: படிப்பது இலவசம், கிரெடிட்டுக்கு எவ்வளவு?

(திரையில்: கல்லூரிக் கட்டண ரசீது. மூன்று கிரெடிட் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.)

அமெரிக்காவில் டிகிரி படிக்கிறவர்களில் பலர், அதிலும் பாதியில் விட்ட டிகிரியைப் பல வருஷம் கழித்து முடிக்க வருகிறவர்கள், முட்டி நிற்கிற இடம் காலேஜ் அல்ஜீப்ரா. கல்லூரியின் ஆரம்பக் கணிதப் பாடம் இது. வெறும் 3 கிரெடிட்தான், அதாவது டிகிரிக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுகளில் மூன்று. ஆனால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில், வெளிமாநிலக் கட்டணத்தில் எடுத்தால் அந்த 3 கிரெடிட்டே சாதாரணமாக 1,000 டாலரைத் தாண்டும். புத்தகத்துக்கும் ஆன்லைன் ஹோம்வொர்க்குக்கும் தனியாக வேறு பிடுங்குவார்கள். இதே கிரெடிட்டை 100 டாலர் சுற்றுவட்டத்தில், சிலருக்குச் சுத்தமாக இலவசமாகவே, வாங்க வழி இருக்கிறது. அந்த வழிகளில் எது யாருக்கு ஒத்துவரும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்ஜீப்ரா கற்றுக்கொள்ள இன்றைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கிற காசெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று ஒருவர் சான்று தருவதற்கும், அந்தச் சான்றை உங்கள் கல்லூரி ஏற்பதற்கும்தான். அதனால் எங்கேயும் பணம் கட்டும் முன், உங்கள் கல்லூரி எதை ஏற்கும் என்று கேளுங்கள். அட்வைசர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, மாணவர் பதிவுகளைப் பார்க்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: "இந்தத் தேர்வில் இத்தனை எடுத்தால் உங்கள் பாடப்பட்டியலில் எந்த எண்ணுள்ள பாடத்துக்கு ஈடாகும்?" கேள்வியை இப்படியே கேளுங்கள். ஏனென்றால் சில இடங்களில் 3 கிரெடிட் கொடுப்பார்கள், ஆனால் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் என்று ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள், கணிதத் தேவை அப்படியே நிற்கும்.

உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, காலேஜ் அல்ஜீப்ராதான் வேண்டுமா என்றும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள். கலைப் பாடங்கள், சமூக அறிவியல் எடுப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும். இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கோ இந்தப் பாடம் பல இடங்களில் கணக்கிலேயே வராது, ப்ரீகால்குலஸுக்கோ கால்குலஸுக்கோ நேராகப் போக வேண்டியிருக்கும்.

சரி, இப்போது படிப்பு.

(திரையில்: ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தின் பொருளடக்கம்.)

ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் காலேஜ் அல்ஜீப்ரா புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 9 அத்தியாயம். ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு விடை பின்னால் இருக்கிறது. பாடம் புரியவில்லை என்றால் கான் அகாடமியில் இதே தலைப்பில் வீடியோவும் பயிற்சியும் உண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை கணக்கு எடுத்தவர்களுக்கு இதில் முக்கால்வாசி பழைய சரக்குதான். காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, சார்பு, மதிப்பகம், வீச்சகம், மடக்கை எல்லாம் பெயர் மாறி வந்திருக்கும், அவ்வளவுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், வீடியோ பார்த்துத் தலையாட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நோட்டை எடுத்துப் போட்டால்தான் கணக்கு வரும்.

இனி கிரெடிட். இருப்பதிலேயே மலிவான வழி கிளெப். வகுப்பில் உட்காராமல் தேர்வு மட்டும் எழுதிக் கிரெடிட் வாங்கும் முறை. காலேஜ் போர்டு நடத்தும் தேர்வு, கல்லூரிச் சேர்க்கைக்கு எஸ்ஏடி நடத்துகிறார்களே, அதே ஆட்கள்தான். 90 நிமிஷம், சுமார் 60 கேள்வி. மதிப்பெண் 20 முதல் 80 வரை, 50 எடுத்தால் 3 கிரெடிட் தரலாம் என்பது கல்லூரிகளின் கூட்டமைப்பான அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷனின் பரிந்துரை. இந்த 50 என்பது நூற்றுக்கு ஐம்பது இல்லை, அது தனி அளவுகோல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். திரையிலேயே சயின்டிஃபிக் கால்குலேட்டர் தருவார்கள், கிராஃப் போடும் கால்குலேட்டர் கிடையாது. முடித்தவுடன் மதிப்பெண் திரையில் வந்துவிடும். கட்டணம் 100 டாலருக்குக் கொஞ்சம் உள்ளே, தேர்வு மையம் தன் பங்குக்கு ஒரு தொகை வாங்கும்.

அந்தக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, அவர்கள் தளத்தில் காலேஜ் அல்ஜீப்ரா பாடத்தை இலவசமாகப் படித்து, பயிற்சிக் கேள்விகளை முடித்தால், கிளெப் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், தொடங்கும் அன்றைக்கே அவர்கள் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். வவுச்சர் கையில் வருவதற்கு முன் காலேஜ் போர்டு தளத்தில் அவசரப்பட்டுக் காசு கட்டிவிடாதீர்கள்.

கேள்விகளில் பாதி நேரடிக் கணக்கு. மீதிப் பாதி கொஞ்சம் யோசிக்க வைக்கும் ரகம். உதாரணத்துக்கு நானே இரண்டு தயார் செய்திருக்கிறேன், பாருங்கள்.

(திரையில்: வெள்ளைப் பலகை, கையெழுத்தில் முதல் கணக்கு.)

எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் கே எக்ஸ் கூட்டல் 9 சமம் 0. இதற்கு ஒரே ஒரு மெய்யெண் தீர்வுதான் இருக்கிறது என்றால் கே என்ன? தன்மைகாட்டி சுழியாக இருக்க வேண்டும். அதாவது கே ஸ்கொயர் கழித்தல் 36 சமம் 0. உடனே 6 என்று கை போகும். விடைப்பட்டியலில் 6 மட்டும் என்று ஒரு வரி உங்களுக்காகவே காத்திருக்கும். மைனஸ் 6-ம் சரி, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வரிதான் விடை.

அடுத்தது. அடிமானம் 2-ல் எக்ஸின் மடக்கையும், எக்ஸ் கழித்தல் 2-ன் மடக்கையும் கூட்டினால் 3. மடக்கைகளைச் சேர்த்தால் எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் 2 எக்ஸ் சமம் 8. காரணிப்படுத்தினால் 4, மைனஸ் 2 என்று இரண்டு வரும். இங்கே இரண்டையும் எழுதினால் போச்சு. குறை எண்ணுக்கு மெய்யெண் மடக்கை கிடையாது, 4 மட்டும்தான் நிற்கும். முன்பு ஒன்றை விட்டுவிடக் கூடாது, இப்போது ஒன்றைத் தூக்கியே ஆக வேண்டும், கால்குலேட்டர் இரண்டிலும் உதவாது. தேர்வில் சுமார் 30 சதவீதம் சார்புகள் பற்றித்தான் வரும், மதிப்பகம், நேர்மாறு சார்பு இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் சமன்பாடு போட்டுப் பழகியவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

தேறவில்லை என்றால் 3 மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். இதைப் பட்டமளிப்புத் தேதியோடு வைத்துக் கணக்குப் போடுங்கள், கடைசி செமஸ்டரில் கிளெப்பை நம்பி உட்கார்வது ஆபத்து. பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் கிளெப்பைத் தொடவே தொடாது. அரசுக் கல்லூரிகளில் நிலைமை நன்றாகவே இருக்கிறது, ஃபுளோரிடாவில் 50 எடுத்தால் மேக் 1105 என்ற காலேஜ் அல்ஜீப்ரா பாடத்துக்கே ஈடு என்று மாநில அளவில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரே நாளில் ஒரே தேர்வு என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு சோஃபியா லேர்னிங் என்ற ஆன்லைன் பாடத் தளம் இருக்கிறது. மாதச் சந்தா 99 டாலர். பகுதி பகுதியாகத் தேர்வு எழுதி 70 சதவீதம் வந்தால் பாடம் முடிந்தது, வேகமாகப் போகிறவர்கள் ஒரே மாதத்தில் இதையும் முடித்து இன்னொரு பாடத்தையும் முடித்துவிடுவார்கள். ஆனால் சோஃபியா ஒரு கல்லூரி இல்லை. அது தருவது பரிந்துரைக்கப்பட்ட கிரெடிட், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கல்லூரியின் இஷ்டம். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் படிக்கிறவர்களுக்கு அருமையான வழி, உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் கேட்காமல் சந்தா கட்ட வேண்டாம்.

அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் யுனிவர்சல் லேர்னர் பாடங்கள் வேறு ரகம். 25 டாலர் கட்டிச் சேர்ந்து ஆன்லைனில் முழுப் பாடத்தையும் முடிக்கிறீர்கள், கடைசியில் வந்த கிரேடு பிடித்திருந்தால் 400 டாலர் கட்டி அதை ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவில், ஏற்றிக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் போனது 25 டாலர். கிளெப்பைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் வருவது நிஜப் பல்கலைக்கழக ட்ரான்ஸ்கிரிப்ட், அதனால் மற்றக் கல்லூரிகள் ஏற்கும் வாய்ப்பும் கூடுதல்.

அப்புறம் கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி. இதை யாரும் வீடியோவில் பெரிதாகச் சொல்வதில்லை, என் கணக்கில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான இடம். கலிஃபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு அதுதான் பெயர்) 46 டாலர், 3 யூனிட் என்றால் 138, சில்லறைக் கட்டணங்கள் தனி. டெக்சாஸில் காலேஜ் அல்ஜீப்ராவை மேத் 1314 என்ற எண்ணில் எடுத்தால் அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த எண்ணை அடையாளம் கண்டுகொள்ளும். டியூட்டரிங் அறை இருக்கும், கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கும். நர்சிங் மாதிரி படிப்புகளில் ஏ, பி என்று லெட்டர் கிரேடு கேட்பார்கள், கிளெப்பில் அது கிடைக்காது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வரும் ஹெச்-4 விசாவில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் வகுப்பில் சேர விசா தடை இல்லை, மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்பது மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அட்மிஷன்ஸில் கேளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிளெப்பில் வாங்கிய கிரெடிட், செமஸ்டருக்கு முழுநேர மாணவராக இருக்கத் தேவையான 12 கிரெடிட்டில் சேராது.

(திரையில்: பிளேஸ்மென்ட் தேர்வு முடிவுப் பக்கம்.)

பலர் குழம்பும் இடம் இது. சேரும்போது கல்லூரி வைக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் காலேஜ் அல்ஜீப்ராவைத் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போக அனுமதி கிடைக்கும். அது பொதுவாக அனுமதி மட்டும்தான், கிரெடிட் வராது, டிகிரிக்கான மொத்த எண்ணிக்கையில் அந்த 3 குறைந்துதான் இருக்கும்.

ஏற்கெனவே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்களிடம், வெளியே பாடம் எடுக்க முன்அனுமதிப் படிவம் கேட்பார்கள், அதில் கையெழுத்து வாங்காமல் எங்கும் பதியாதீர்கள். கடைசி 30 கிரெடிட் எங்களிடமே எடுக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. கிளெப் எழுதும்போதே கல்லூரியின் பெயரைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் இலவசமாகப் போய்ச் சேரும், பிறகு அனுப்பச் சொன்னால் காசு. அனுப்பிச் சில வாரத்தில் எந்தத் தேவை முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் உங்கள் டிகிரி ஆடிட்டைத் திறந்து, கணிதத் தேவை என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். எலெக்டிவ் பக்கம் போய் உட்கார்ந்திருந்தால், முதலில் வாங்கி வைத்த அந்த ஈமெயிலை ரெஜிஸ்ட்ராருக்கு ஃபார்வர்டு பண்ணுங்கள்.