வரி ஏறினா மறுநாளே, இறங்கினா எப்போ?

வணக்கம் நேயர்களே. அருப்புக்கோட்டையில மளிகைக் கடை நடத்துறவ நான். மாமனார் போட்ட கடை, இப்ப நானும் வீட்டுக்காரரும் பாத்துக்கிறோம், பையன் லீவு நாள்ல பொட்டலம் போட வருவான். என்ன தலைப்புல பேசுறீங்கன்னு நிலையத்துல கேட்டாங்க, எண்ணெய் விலைன்னு உடனே சொல்லிட்டேன். கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஏன்க்கா, கவர்மெண்டு வரிய ஏத்துனா மறுநாளே விலைய ஏத்திடுறீங்க, வரி குறைஞ்சா மட்டும் மாசக்கணக்கா பழைய விலையே சொல்றீங்களே?" நியாயமான கேள்விதான். அதுக்கு கவுண்டர்ல நின்னுக்கிட்டு, பின்னாடி நாலு பேர் நிக்கும்போது பதில் சொல்ல முடியாது, அதனால இங்க சொல்றேன்.

பாமாயில எடுத்துக்குவோம். பஜ்ஜி போடுற கடை, பரோட்டா கடை, கல்யாண சமையல், நம்ம வீட்டு அப்பளம், எல்லாத்துக்கும் அதுதான். ஆனா அது நம்ம நாட்டுல ரொம்பக் கொஞ்சம்தான் விளையுது. நம்ம நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் வருது, அதுலயும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா. கச்சா எண்ணெயா, அதாவது சுத்திகரிக்காத எண்ணெயா, கப்பல்ல சென்னை, காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம்னு வந்து இறங்கும், அங்க சுத்திகரிச்சு டின்னுலயும் பாக்கெட்டுலயும் அடைச்சு, கம்பெனி, டிப்போ, ஏஜென்சின்னு கை மாறி கடைசியா லைன் வண்டியில எங்க வாசலுக்கு வரும். இத்தனை கை இருக்குங்கிறத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

2024 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மூணுக்கும் அடிப்படை இறக்குமதி வரி அதுவரைக்கும் சைபர், அத 20 சதவீதம் ஆக்கிட்டாங்க. மத்த செஸ்ஸு, அதாவது மேல்வரி எல்லாம் சேத்துப் பாத்தா 5.5 சதவீதமா இருந்தது 27.5 ஆச்சு. சுத்திகரிச்ச எண்ணெய்க்கு 13.75ல இருந்து 35.75. அதாவது துறைமுகத்துக்கு 100 ரூபாய் மதிப்புல வந்து இறங்குற கச்சா எண்ணெய்க்கு, முந்தின நாள் அஞ்சரை ரூபாய் வரி, மறுநாள் இருபத்தேழரை ரூபாய். ஒரே ராத்திரியில 22 ரூபாய்.

சனிக்கிழமை காலையில கடையத் தொறந்து சாம்பிராணி கூட போடல, ஏஜென்சி பையன் போன் பண்றான். "அக்கா, நேத்து சொன்ன ஆர்டர் கேன்சல்க்கா, புது ரேட்டு வந்தாத்தான் பில் போடுவாங்களாம், இன்னைக்கு வண்டி வராது." அவ்வளவுதான். ரேட்டு இவ்வளவுன்னு சொன்னாலாவது பரவாயில்ல, ரேட்டே இல்லன்னுட்டான். கடையில டின்னு கொஞ்சம் இருக்கு, பாக்கெட்டு பெட்டி கொஞ்சம் இருக்கு, தீபாவளி அக்டோபர் 31ல வருது. அன்னைக்குப் பத்து மணிக்கெல்லாம் பரோட்டா கடைக்கார அண்ணன் வந்துட்டாரு. அவரு வாரம் பூரா டின்னு எடுப்பாரு, ஞாயித்துக்கிழமை கணக்கு முடிப்பாரு. "தங்கச்சி, எண்ணெய் ஏறப்போவுதாம்ல, இருக்குற டின்ன எல்லாம் என் கணக்குல எழுதிரு"ன்னாரு. நான் யோசிச்சேன். குடுத்தா அவருக்கு லாபம், ஆனா எனக்குப் பழைய விலைக்குத்தான் காசு வரும், அதுவும் ஒரு வாரம் கழிச்சு. அந்தக் காசக் கொண்டுபோய் திரும்ப டின்னு வாங்குனா பத்து டின்னு வித்த காசுக்கு எட்டு டின்னுதான் வரும். முதல் அங்கேயே கரையுது.

இத இன்னொரு தடவை சொல்லிடுறேன், ஏன்னா இங்கதான் எல்லாரும் எங்க மேல சந்தேகப்படுறாங்க. எங்க மாதிரி கடையில முதல்னு தனியா ஒரு பணம் கிடையாது. அலமாரியில இருக்குற சரக்குதான் முதல். அத வித்து வர்ற காசுலதான் அடுத்த சரக்கு. அப்ப விலைய முடிவு பண்றது நேத்து நான் என்ன விலைக்கு வாங்குனேங்கிறது இல்ல, நாளைக்கு என்ன விலைக்கு வாங்கப்போறேங்கிறதுதான். பழைய சரக்க பழைய விலைக்கே வித்தா கேக்க நல்லா இருக்கும், அலமாரி மட்டும் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா காலியாகும். அண்ணனுக்குப் பாதி டின்ன பழைய விலைக்குக் குடுத்தேன், மீதிய வீட்டுக்கு வாங்குறவங்களுக்குன்னு வச்சுக்கிட்டேன். அவருக்கு மனசு கோணல்தான். ஆனா வீட்டுக்கு ஒரு பாக்கெட்டு வாங்குற அம்மாவ வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரல.

அரசாங்கம் சும்மா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். செப்டம்பர் 17ஆம் தேதி உணவுத் துறை எண்ணெய்க் கம்பெனி சங்கங்களக் கூப்பிட்டுப் பேசுனாங்க. பழைய வரியில வந்து இறங்குன எண்ணெய் நாட்டுல 30 லட்சம் டன் கிட்ட இருக்கு, 45ல இருந்து 50 நாளைக்குத் தாங்கும், அது தீர்ற வரைக்கும் எம்ஆர்பிய ஏத்தாதீங்கன்னு சொன்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா தீபாவளி வரைக்கும் தாங்கியிருக்கணும். ஆனா தீபாவளிக்கு முறுக்கு சுட்டவங்களக் கேளுங்க, தாங்குச்சான்னு.

எதனால தாங்கல? எண்ணெய் பாக்கெட்டுல இருக்குற எம்ஆர்பியப் பாத்திருக்கீங்களா? அப்ப 145, 150ன்னு அச்சடிச்சிருந்துச்சு, நாங்க அத 105க்கு வித்துக்கிட்டிருந்தோம். எம்ஆர்பிக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல அவ்வளவு எடம் கிடக்கு. அப்ப எம்ஆர்பிய ஏத்தாதேன்னு சொன்னா யாருக்கு என்ன கஷ்டம்? அச்சடிச்ச எண்ணு அப்படியே இருக்கும், பில்லு விலை மட்டும் ஏறிக்கிட்டே போகும். அதுதான் நடந்துச்சு. எங்க கடையில 100 ரூபாய்க்குப் பக்கமா போன பாக்கெட்டு தீபாவளிக்குள்ள 130ஐத் தொட்டுச்சு. அது முழுக்க வரி இல்ல, அந்த நேரத்துல இந்தோனேசியாவுல பாமாயில டீசல்ல கலக்குறத 2025ல இருந்து 40 சதவீதமாக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க, அதனால உலகச் சந்தையிலயும் விலை ஏறுச்சு. வரிங்கிறது சதவீதக் கணக்கு, சரக்கு விலை ஏறினா வரியும் கூடவே ஏறும். சூரியகாந்தி எண்ணெய்க்குப் பக்கத்துல பாமாயில் விலை போய் நின்னத அப்பத்தான் பாத்தோம். எப்பவும் ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஏழைபாழைக பாமாயில் வாங்குறதே.

வரி போட்டதே தப்புன்னு நான் சொல்ல வரல, இத அழுத்திச் சொல்றேன். மத்தியப் பிரதேசத்துலயும் மகாராஷ்டிராவுலயும் சோயா போட்ட விவசாயிக்கு அந்த வருஷம் ஆதரவு விலையே குவிண்டாலுக்கு 4,892 ரூபாய், சந்தையில அதுக்கும் கீழ போச்சு. வெளிநாட்டு எண்ணெய் வரி இல்லாம வந்து குவிஞ்சா நம்ம ஊர் கடலைக்காரருக்கும் அதே கதிதான். எங்க சுத்துவட்டாரத்துல கடலை போடுற ஆளுக எங்க கடையிலதான் சாமான் வாங்குறாங்க, அவங்க கையில காசு இருந்தாத்தான் எனக்கு வியாபாரம். நான் சொல்றதெல்லாம் ஒண்ணுதான்: ஒரே ராத்திரியில இருபது சதவீதம் ஏத்தாதீங்க, படிப்படியா ஏத்துங்க, பண்டிகைக்கு ஒண்ணரை மாசம் இருக்கும்போது ஏத்தாதீங்க.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். 2025 மே 30, கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரிய 20ல இருந்து 10 ஆக்குனாங்க. மொத்தமா 27.5 இருந்தது 16.5 ஆச்சு. சுத்திகரிச்சு வர்ற எண்ணெய்க்குக் குறைக்கல, நம்ம ஊர் ஆலைகளுக்கு வேலை இருக்கணும்னு. சரி, நல்ல செய்தி. மறுநாள் காலையில கடைக்கு வந்தவங்க எல்லாம் "எவ்வளவுக்கா குறைஞ்சிருக்கு"ன்னுதான் கேட்டாங்க.

குறையல. ஏன்னா கொஞ்சம் முன்னாடி சொன்னேன்ல, இத்தனை கைன்னு. அதிக வரி கட்டி வாங்குன எண்ணெய் கம்பெனி டேங்குல இருக்கு, ஏஜென்சி குடோன்ல இருக்கு, என் அலமாரியிலயும் இருக்கு. ஏறும்போது சரக்கு வச்சிருக்குற ஆளுக்கு லாபம், அதனால எல்லா கையும் ஒரே நாள்ல ஏத்துது. இறங்கும்போது சரக்கு வச்சிருக்குற ஆளுக்கு நஷ்டம், அதனால ஒவ்வொரு கையும் தன்கிட்ட இருக்குறது தீரட்டும்னு காத்திருக்கு. நான் என்ன பண்ணுவேன், பெட்டி பெட்டியா எடுக்காம ஒண்ணு ரெண்டா எடுப்பேன், ஏஜென்சிக்காரரும் அப்படித்தான் எடுப்பாரு, அதுக்குத் தனியா நாள் ஓடும். பெரிய சூப்பர் மார்க்கெட்டு கம்பெனியில நேரா வாங்குது, அதனால அவங்களுக்கு முதல்ல குறையுது, அத வாட்சப்புல பாத்துட்டு "அங்க எட்டு ரூபா கம்மியா போட்டிருக்கான், நீங்க மட்டும்"னு எங்ககிட்ட வந்து கேப்பாங்க. இன்னொண்ணும் இருக்கு. உலகத்துலேயே சமையல் எண்ணெய அதிகமா இறக்குமதி பண்றது நாமதான். நாம வரியக் குறைச்சா இவங்க இன்னும் நிறைய வாங்குவாங்கன்னு அந்தப் பக்கம் விக்கிறவங்க விலைய கொஞ்சம் ஏத்திக்குவாங்க, குறைச்சதுல ஒரு பங்கு அங்கேயே போயிடும். ஆகக்கூடி குறையும், ஆனா மெதுவா, குறைச்ச அளவுக்கு முழுசா இல்லாம.

எண்ணெய் வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும், இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது. ஒரு லிட்டர் பாமாயில்னா 910 கிராம் எடை. விலை ஏறுன காலத்துல சில பாக்கெட்டு 850 கிராம், 800 கிராம்னு வர ஆரம்பிச்சுது, பாக்கெட்டு சைஸ் பாத்தா வித்தியாசமே தெரியாது. இந்த அளவுலதான் போடணும்ங்கிற கட்டாயத்த 2022 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, அதனால சட்டப்படி தப்பில்ல. ஆனா அஞ்சு ரூபாய் கம்மின்னு எடுத்துட்டுப் போறவங்க உண்மையில கூடுதல் காசு குடுக்குறாங்க. பாக்கெட்டுக்குப் பின்னாடி நிகர எடைன்னு சின்ன எழுத்துல இருக்கும், தயவுசெஞ்சு அதப் பாருங்க, விலைய அப்புறம் பாருங்க. கண்ணு தெரியலன்னா கடைக்காரர வாசிக்கச் சொல்லுங்க, நாங்க வாசிச்சுச் சொல்லுவோம்.

வரிய ஏத்தாம, வரத்து மட்டும் நின்னா எப்படி இருக்கும்னு 2022ல பாத்தோம். பிப்ரவரியில உக்ரைன் சண்டை, சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்னுச்சு. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிய நிறுத்துச்சு, மே 23 வரைக்கும். ஒரு மாசம் கூட இல்ல, ஆனா அந்தப் பதட்டத்துல ஜனங்க அஞ்சு லிட்டர் கேனா தூக்கிட்டுப் போனாங்க, அதனாலயே இன்னும் ஏறுச்சு.

துவரம் பருப்பு விஷயமும் கொஞ்சம் அப்படித்தான். 2021லயே அத இறக்குமதி பண்றதுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க, 2023 மார்ச்ல முழுத் துவரைக்கு இருந்த 10 சதவீத வரியையும் எடுத்துட்டாங்க. 2022-23ல விளைச்சல் 42 லட்சம் டன்னுல இருந்து 33 லட்சத்துக்கு விழுந்துச்சு. விலை ஏறுனப்ப வரியக் குறைங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, சைபர்ல இருந்து எங்க குறைக்கிறது? மியான்மர்ல இருந்தும், மொசாம்பிக் பக்கம் ஆப்பிரிக்காவுல இருந்தும் கப்பல் வந்தாத்தான் உண்டு. அதுக்கு மேல 2024 மே, ஜூன்ல ரேஷன்ல 30 ரூபாய் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வர தாமதமாச்சு, அத நம்பி இருந்த குடும்பமெல்லாம் கடைக்கு வந்துச்சு, கால் கிலோ, நூறு கிராம்னு. அந்த மாசம் எங்க பற்று நோட்டுல புதுப் பேரு நிறைய ஏறுச்சு.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, வெங்காயத்த ஒரு வார்த்தையில சொல்லிடுறேன். அங்க வரி தலைகீழ். 2023 ஆகஸ்ட்டுல ஏற்றுமதிக்கு 40 சதவீதம் வரி, டிசம்பர்ல தடையே போட்டாங்க, வெளிய போகாம இங்க விலை அடங்கட்டும்னு. இங்க அடங்குச்சு, யாழ்ப்பாணத்துலயும் கொழும்புலயும் கடைக்காரங்க தவிச்சுப் போனாங்க, நம்ம பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவங்களும் எங்களுக்கு மட்டுமாவது விலக்கு குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த வரி முழுசா போனது 2025 ஏப்ரல் 1ஆம் தேதி. உளுந்தப் பத்தியும், 25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டின்னதும் அரிசி மூட்டை 26 கிலோ ஆன கதையும் எழுதி வச்சிருந்தேன், நேரம் இல்ல. கடைப் பக்கம் வந்தா கேளுங்க, கூட்டம் இல்லாத மத்தியான நேரமா வாங்க, சொல்றேன். வணக்கம்.