சிம் யார் பெயரில்?

வணக்கம். பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமலிருக்க, பிரிட்டனில் இன்டர்நெட் இணைப்போடே வடிகட்டியையும் போட்டுத் தருகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் ஒரு பழைய கதை. என்னைத் தெரிந்தவர்கள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர், எஃகு ஆலைக்குப் பேர்போனது. 1996-இல் அந்த ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இன்டர்நெட் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கப் போனால், ஊர்ப்பெயரைத் தட்டியதுமே முடியாது என்றது கணினி. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, இரண்டாம் எழுத்திலிருந்து ஐந்தாம் எழுத்துவரை படித்துப் பாருங்கள், ஒரு கெட்ட வார்த்தை வரும். வாய்விட்டு வேண்டாம், பக்கத்தில் மாமியார் இருக்கலாம். கடைசியில் ஏஓஎல் செய்தது என்ன தெரியுமா? ஊர்ப்பெயரையே ‘ஸ்கான்தோர்ப்’ என்று மாற்றியது! சிரிக்காதீர்கள், நம் முத்துசுவாமி தீட்சிதர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் நடுவில் அப்படியொன்று உட்கார்ந்திருக்கும்.

சரி, அது அந்தக் காலம். 2013-இல் அப்போதைய பிரிட்டன் பிரதமர் கேமரன் சொல்லி, நான்கு பெரிய இன்டர்நெட் நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்கு வடிகட்டி தர ஒப்புக்கொண்டன. அந்த டிசம்பரிலேயே பிபிசி சோதித்தது. பதின்வயதினருக்கான பாலியல் கல்வித் தளம் ஒன்று அடைபட்டிருந்தது. ஆபாசத் தளங்கள் சில திறந்தே கிடந்தன. 2014-இல் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு கணக்கெடுத்தால், அந்த நான்கில் ஒன்றான பிடி நிறுவனத்தின் புது வாடிக்கையாளர்களில் வடிகட்டியை ஏற்றவர்கள் 5 சதவீதம், வர்ஜினில் 4. டாக்டாக்கில் மட்டும் 36.

மொபைலுக்கு இது இன்னும் பழசு. 2004 முதலே வடிகட்டியோடுதான் தருகிறார்கள். 18 வயது ஆனவர் என்று காட்டினால் எடுத்துவிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு வீட்டில் “அண்ணா, வைஃபையில் அந்த வடிகட்டியைப் போட்டுவிடுங்கள்” என்று கேட்டார்கள். ரவுட்டர் முன்னால் முட்டி போட்டு அரைமணி நேரம் போராடிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பையன் சோபாவில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வைஃபையில் இல்லை, டேட்டாவில். சிம் அம்மா பெயரில். அம்மாவுக்கு 18 எப்போதோ ஆகிவிட்டதே!

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களே வயதைச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம், உடனே எல்லோரும், எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் தேடி ஓடியது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்... இன்றைக்கு முடியாது. சிம் யார் பெயரில் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வணக்கம்.