பக்கத்து லயத்து மாமா நீட்டுன மாத்திரை

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? ஹட்டன் பக்கம் இன்னைக்கு ஒரே பனி, மூணு மணிக்கே இருட்டிருச்சு. போனை ஜன்னல் கட்டையில வெச்சிருக்கேன், ஆடுனா கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குப் பேச்சே கை ஆடுறதப் பத்தித்தான்.

எங்க அப்பாயிக்கு வீசிங். போன வாரம் பம்ப் அடிச்ச கொஞ்ச நேரத்துல கை வெடவெடன்னு நடுங்குது, பிளேன்டீ கோப்பை சாசர்ல தாளம் போடுது. பக்கத்து லயத்து மாமா பார்த்துட்டு, "எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு ஆயி, கிளினிக்ல இத குடுத்தாங்க, நின்னுருச்சு"ன்னு ஒரு மாத்திரைய நீட்டுறாரு. அட்டையப் பார்த்தா புரோப்ரனோலோல். நான் பாமசியில வேலை செய்றவ, சட்டுன்னு பிடுங்கிட்டேன். மாமா ரெண்டு நாள் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

ஏன் பிடுங்குனேன்? பம்ப்ல இருக்கிறது சல்பியூட்டமோல். அது மூச்சுக்குழாய்ல இருக்கிற பீட்டா 2 ஏற்பிய, அதாவது மருந்து வந்து ஒட்டுற சுவிட்ச் மாதிரி ஒரு எடத்த, தட்டிவிட்டு குழாய விரிக்குது. அதே ஏற்பி கைத்தசையிலயும் இருக்கு, அங்கதான் வம்பு. தசை ஒருதடவ சுருங்கித் தளர்றதுக்குள்ள அடுத்த சுருக்கம் வந்து ஒட்டிக்கிட்டா கை அசையாம நிக்கும். மலையேறுறப்ப கூடைக்காரங்க நெருக்கி நடந்தா ஒரே வரிசையாத் தெரியுதில்ல, அப்பிடி. சல்பியூட்டமோல் மெதுவா சுருங்குற தசைநார்கள சீக்கிரமா தளரவிட்டுருது. வரிசையில இடைவெளி விழுது, அதுதான் நடுக்கம். அப்பாயிக்கு நரம்புல ஒரு கோளாறும் இல்ல, மருந்து செய்ற வேலை. தொடர்ந்து பாவிச்சா அநேகம் பேருக்கு இது தானா குறைஞ்சிரும்.

புரோப்ரனோலோல் அந்த ஏற்பிய அடைச்சிரும். நடுக்கம் நிக்கும், வாஸ்தவம். ஆனா மூச்சுக்குழாய்ல இருக்கிறதையும் சேர்த்தே அடைக்கும். வீசிங் கூடும், அப்புறம் பம்ப் அடிச்சாலும் சரியா வேலை செய்யாது. கை நிக்கிறதுக்காக மூச்ச அடகு வெக்க முடியுமா?

மாமாவுக்குக் குடுத்தது தப்பில்ல. அவருக்கு இருக்கிறது வேற நோயோ மருந்தோ காரணமில்லாம, பரம்பரையா வர்ற நடுக்கம், அதுக்கு இது பழைய, நல்ல மருந்து. ஜேம்ஸ் பிளாக் 1960கள்ல இத உருவாக்குனது நெஞ்சுவலிக்காக, 1988ல நோபல் பரிசு வாங்குனாரு. கை ஆடாம இருக்கும்னு குறிபார்த்துச் சுடுற, அம்பு விடுற போட்டிகள்ல இந்த வகை மருந்துக்கே தடை.

ஆய்வுகூடத்துல எலிக்கு ஒக்ஸோட்ரெமோரின் குடுத்து நடுங்க வெப்பாங்க. அது மூளையில அசிடைல்கோலின்ங்கிற நரம்புச் சேதி கடத்துற ரசாயனம் மாதிரி நடிக்கிற ஒரு சாமான். அந்த நடுக்கத்தையும் புரோப்ரனோலோல் குறைக்குது. கொழுப்புல கரையிறதால மூளைக்குள்ள போயிரும், அதே வகையில இன்னொரு மருந்தான அட்டெனோலோல் அவ்வளவா போகாது. அதனால நடுக்கம் நின்னுச்சுன்னா மூளையில நின்னுச்சா, தசையில நின்னுச்சான்னு பிரிச்சுப் பார்க்கணும்.

மூணாவதா ஒரு எடமும் இருக்கு, நரம்பு தசையத் தொடுற சந்து. புரோப்ரனோலோலுக்கு மரத்துப்போக வைக்கிற ஊசி மாதிரி ஒரு கொணமும் உண்டு. இந்த மருந்துல இடக்கை, வலக்கை மாதிரி கண்ணாடிப் பிம்பமா ரெண்டு மூலக்கூறு கலந்திருக்கு; ஏற்பிய அடைக்கிறதுல அதுல ஒண்ணுதான் கெட்டிக்காரி, மரத்துப்போக வைக்கிறதுல ரெண்டும் சமம். அளவு ரொம்பக் கூடுனா அந்தச் சந்துல சேதி கடக்கிறதே தடைபடுது, ஆய்வுகூடத்துல பார்த்திருக்காங்க. சாதாரண டோஸ்ல பயம் வேணாம். ஆனா மயஸ்தீனியா கிராவிஸ்னு, அந்தச் சந்துல சேதி சரியா கடக்காத நோய் உள்ளவங்க, பொழுது சாய கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அவங்களுக்கு புரோப்ரனோலோல் மாதிரி பீட்டா தடுப்பிகள் பலவீனத்தக் கூட்டிரலாம். டொக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

இந்தச் சந்துக்கு நம்ம மலைநாட்டுக் கதையும் இருக்கு. 1987ல நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் எழுதுன ஆய்வு. பூச்சிமருந்து நஞ்சாகி, தேறிட்டாங்கன்னு நெனச்ச நோயாளிகளுக்கு ஒண்ணுலருந்து நாலு நாளைக்குள்ள இந்தச் சந்துல சேதி சரியா கடக்காம, கழுத்து தூக்க முடியாம, மூச்சுத்தசை ஓய்ஞ்சு போச்சு. இன்னைக்கு உலகம் பூரா அதுக்கு இடைநிலை நோய்க்குறின்னு பேரு. மருந்தடிக்கிற அண்ணன்மாரே, கையுறை போடுங்கய்யா, கெஞ்சிக் கேக்குறேன்.

அப்பாயி கூப்புடுது. பம்ப்ப கிளினிக் கொப்பியோட சேர்த்து வெச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை டொக்டர்கிட்ட கேக்கணும். அதுவரைக்கும் கோப்பையில அரைவாசிதான் ஊத்திக் குடுக்கிறேன். "என்ன கஞ்சத்தனம்"னு திட்டுது.