கொந்தளிக்கும் கடலில் சிறு படகைக் கரை சேர்ப்பது எப்படி?

[காட்சி: தேங்காய்பட்டணம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர். முகத்துவாரத்தில் அலைகள் வெண்ணுரையாக உடைகின்றன.]

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது தேங்காய்பட்டணம் மீன்பிடித் துறைமுகம். நடுக்கடலின் காற்றையும் அலையையும் சமாளித்துத் திரும்பிய மீனவர்கள் பலர், கரையில் நிற்பவர்களின் கண்ணெதிரே, இந்த முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். ஆகவே வெளிப்பொருத்து எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் எஞ்சின்) கொண்ட ஃபைபர் படகைப் பற்றிய இந்த விளக்கத்தில், கடலைவிட அதன் வாசலைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நடுக்கடல். கச்சான் காற்று வலுத்து அலை உயரும்போது, படகின் முன்பகுதியான அணியம் எப்போதும் அலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மிக நேராக மோதினால் படகு முகட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பள்ளத்தில் 'தொப்' என்று விழுந்து அடிப்பகுதி பிளக்கக்கூடும் என்பதால், 30 முதல் 45 பாகை வரை சற்றே சாய்வாக ஏறுவது நல்லது. ஏறும்போது எஞ்சினுக்கு விசை கொடுத்து, முகட்டை அடையும் நொடியில் அதைக் குறைத்து, பள்ளத்தில் இறங்கி அடுத்த அலை தூக்கும்போது மீண்டும் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அலைக்கும் இதைச் செய்ய வேண்டியிருப்பதால், எஞ்சின் பிடியிலிருந்து கையை எடுக்க நேரமே இருக்காது.

[காட்சி: படகின் தளத்தில் தேங்கிய நீர், படகு சாயும் பக்கமெல்லாம் ஓடுகிறது.]

இந்தத் தண்ணீரைக் கவனியுங்கள். 8 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றாலே அது 1,200 லிட்டர், அதாவது ஒன்றே கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு எடையும் படகு சாயும் பக்கத்துக்கே ஓடி, அதை மேலும் சாய்க்கும். அதனால் நீர் இறைக்கும் வாளி, கயிற்றில் கட்டப்பட்டு, கை நீட்டினால் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். வலையும் ஐஸ் பெட்டியும் படகின் நடுவில், தாழ்வாக, நகராதபடி கட்டப்பட வேண்டும்.

எஞ்சின் பெரும்பாலும் மோசமான நேரத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. அமைதியான கடலில் எரிபொருள் தொட்டியின் அடியில் படிந்து கிடந்த கசடும் நீரும், படகு குலுங்கும்போது கலங்கி வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதும், மாற்று வடிகட்டி ஒன்றை உடன் எடுத்துச் செல்வதும் உயிர்காக்கும் வேலைகள். எஞ்சின் நின்றே விட்டால், வலைச் சுருளையோ கனமான கூடையையோ நீண்ட கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விடுங்கள். அது நீரில் இழுபட்டு, படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும்.

இனி வாசல். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் 2 மீட்டரானால், 1.5 மீட்டர் அலையே அங்கே சுருண்டு விழும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் எதிரே பாய்ந்தால், அதே அலை இன்னும் செங்குத்தாகும். காற்றே இல்லாத நாளிலும் இது நேரலாம்: தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயலின் நெட்டலைகள் நாட்கள் கழித்து இங்கு வந்து சேரும். கேரளத்தில் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று அதைப் புறக்கணிக்கக் கூடாது.

[காட்சி: முகத்துவாரத்துக்கு வெளியே காத்திருக்கும் படகு.]

உள்ளே நுழையுமுன், அலை உடையாத ஆழத்தில் அணியத்தைக் கடலை நோக்கித் திருப்பி நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வருகின்றன. பெரிய அலைகள் சில கடந்தபின் சற்றே ஓய்வு கிடைக்கும். அந்தக் காத்திருப்பு பத்து நிமிடமானாலும் அரைமணியானாலும், மீன் கெட்டுவிடுமே என்று அதைச் சுருக்க வேண்டாம். அதற்குள் எல்லோரும் உயிர்காப்பு அங்கியை அணிந்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும்.

கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகின் பின்னாலேயே செல்லுங்கள். வேகம் கூடி முகட்டைத் தாண்டினால் அணியம் பள்ளத்தில் குத்தும், பின்பகுதியான அமரம் தூக்கப்படும், படகு பக்கவாட்டில் சுழன்று கவிழும். வேகம் குறைந்தால் பின்னால் வரும் அலை அமரத்தின் மேல் உடையும். பாதி வழியில் பயந்து திரும்ப முயல்வதே எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் திரும்பும் அந்தச் சில நொடிகளில் படகின் முழுப் பக்கமும் அலைக்குக் காட்டப்படுகிறது. நிலைமை சரியில்லை என்று தோன்றினால், நுழைவதற்கு முன்பே முடிவெடுத்து, வேறு துறைமுகத்துக்குப் போங்கள், அல்லது வெளியிலேயே நின்று கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலோ படகின் வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் 16-ஆம் அலைவரிசையிலோ அழையுங்கள்.

[காட்சி: படகு தடுப்புச் சுவரின் உட்பக்கத்தை அடைகிறது.]

சுவருக்குள் தலை நுழைந்ததும் விசையைக் குறைத்துவிடாதீர்கள். பின்னாலிருந்து வரும் அலை அங்கேயும் எட்டும் என்பதால், நீர் தட்டையாகும் உள்வளைவு வரை அதே வேகத்தில் சென்று, திரும்பி ஒருமுறை பார்த்தபின்பே எஞ்சினைத் தணிக்க வேண்டும்.