அழுதா போன் குடுக்கறதை முதல்ல நிறுத்துங்க

வணக்கம்ங்க. குழந்தை எவ்வளவு நேரம் போன் பாக்கலாம்னுதான் எல்லாரும் கேக்கறீங்க. அதுக்குக் கணக்கு இருக்கு. 2 வயசு வரைக்கும் வேண்டாம், தாத்தா பாட்டியோட வீடியோ கால் பேசறது மட்டும் பரவாயில்ல. 2லேர்ந்து 5 வயசுக்குள்ள ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். இந்தியக் குழந்தை மருத்துவர்களோட அமைப்பான ஐ.ஏ.பி. 2021ல சொன்னது இது.

ஆனா மணிக்கணக்கை விட, எப்போ குடுக்கறோம்ங்கறதுதான் எனக்குப் பெருசாப் படுது. அழும்போது குடுக்கற போன், சோறு ஊட்டும்போது குடுக்கற போன். இந்த ரெண்டையும் நிறுத்தினாலே பாதிக்கு மேல சரியாகும்.

ஏன்னு பாருங்க. 9, 10 மாசக் குழந்தை கையில இருந்த கரண்டி டொம்முனு கீழ விழுது. அது கரண்டியைப் பாத்துட்டு, உடனே உங்க முகத்தைப் பாக்கும். நீங்க சிரிச்சா சிரிக்கும், நீங்க பதறினா அழும். பயப்படணுமா வேண்டாமான்னு உங்க முகத்தைப் பாத்துதான் அது முடிவு பண்ணுது. ஒரு நாளைக்குப் பல தடவை இது நடக்கணும். கண்ணு போன்ல இருந்தா நடக்காது. உங்க கண்ணு உங்க போன்ல இருந்தாலும் நடக்காது, அதையும் சொல்லிடறேன்.

ஆள் சொல்லித்தர்றதைத் திரையால ஏன் சொல்லித்தர முடியல? பேச்சை வெச்சுப் பாருங்க. 2003ல பெட்ரிசியா கூல்ங்கற அமெரிக்க ஆய்வாளர் குழுவோட ஆய்வு வந்துச்சு. 9 மாச அமெரிக்கக் குழந்தைங்களுக்கு 12 தடவை சீன மொழி பேசிக் காட்டினாங்க. நேர்ல கேட்ட குழந்தைங்க அந்த ஒலிகளைப் பிரிச்சறியக் கத்துக்கிச்சுங்க. அதே மாதிரி பேச்சை டிவியில கேட்ட குழந்தைங்க கத்துக்கவே இல்ல. குழந்தை ஒரு சத்தம் குடுத்தா ஆள் திரும்பிப் பாக்கும், டிவி பாக்காது.

இப்ப அழுகைக்கு வருவோம். அழற குழந்தை போனைப் பாத்ததும் கப்சிப்னு ஆயிடும். கோபம் தணியல, கவனம்தான் திரும்பிடுச்சு. தானா அடங்கப் பழகறதுக்கு இருந்த ஒரு வாய்ப்பு போச்சு. அதனால அழும்போது அது கண்ணு மட்டத்துக்கு உக்காருங்க. "பொம்மையை அண்ணன் எடுத்துட்டான், உனக்குக் கோவம்"னு ஒரே வரி சொல்லுங்க. அதுக்கு மேல பேசாதீங்க, அந்த நேரத்துல அறிவுரை காதுல ஏறாது. பக்கத்துலயே இருங்க, வந்தா தூக்கிக்கோங்க.

முதல் சில நாள் அழுகை கூடும். நிறைய வீட்ல இங்கதான் தப்பு நடக்குது. மூணாவது நாள், 20 நிமிஷம் கத்தினதும் மனசு கேக்காம போனைக் குடுத்துடறாங்க. 20 நிமிஷம் கத்தினாக் கிடைக்கும்னு குழந்தை புரிஞ்சுக்கும், அடுத்த தடவை 25 நிமிஷம் கத்தும். பாட்டி, அப்பா, பாத்துக்கறவங்க எல்லாரும் ஒண்ணா முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க.

சாப்பாட்டுல ஒரே நாள்ல மூணு வேளையும் மாத்தாதீங்க. எல்லாரும் வீட்ல இருக்கற ராத்திரிச் சாப்பாட்டுல ஆரம்பிங்க. தரையில கூடவே உக்கார வெச்சு, இட்லியைச் சின்னத் துண்டாப் பிச்சு தட்டுல போட்டு, அதுவே எடுத்துத் தின்ன விடுங்க. சிந்தும், சிந்தட்டும். 30 நிமிஷத்துல தட்டை எடுத்துடுங்க. தலையைத் திருப்பினா வயிறு நிறைஞ்சுதுன்னு அர்த்தம். போன் பாத்துட்டே தின்னா அந்த நிறைவே அதுக்குத் தெரியாது. முதல் வாரம் கொஞ்சம் கம்மியாத்தான் சாப்பிடும். எடை குறையுதுன்னு தோணினா டாக்டர்கிட்ட காட்டுங்க.

2 வயசைத் தாண்டின பசங்களுக்கு, பாக்கற நேரத்தை முடிக்கறதுலதான் சண்டை. "இன்னும் ரெண்டு நிமிஷம்"னு எச்சரிக்கை குடுத்தா அடம் கூடத்தான் செய்யுதுன்னு 2016ல ஒரு அமெரிக்க ஆய்வுல தெரிஞ்சுது. ஒரு எபிசோடு முடியற இடத்துல நிறுத்துங்க, ஆட்டோபிளேயை முன்னாடியே ஆஃப் பண்ணி வைங்க. முடிஞ்சதும் குளியலோ விளையாட்டோ, தினமும் அதே வரிசையில வரட்டும்.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. 1 வயசு ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பல, ஒன்றரை வயசாகியும் விரல் நீட்டி எதையும் காட்டலன்னா, போனை நிறுத்திப் பாப்போம்னு மாசக்கணக்கா காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரைப் பாருங்க. குழந்தையோட வளர்ச்சியில சிக்கல் இருக்கான்னு பாக்க, அரசுல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கு, டி.இ.ஐ.சி.ன்னு கேட்டா அரசு ஆஸ்பத்திரியில வழி சொல்வாங்க, அங்க இலவசமாவே பாக்கறாங்க.